முப்பத்தெட்டு நானோ ஆம்பியர்

வெறும் தகடு எழுபத்திரண்டு காட்டியது. காட்ட வேண்டியது பூஜ்யம்.

காலை ஒன்பதேகால். மாஸ்கோவிலிருந்து ஆய்வுக் குழு மதியம் மூன்று மணிக்கு எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வருவதாக ஏற்பாடு. குழு என்று பேர்தான், வரப்போவது ஒரே ஒரு அம்மாள். நான் மீட்டரை அணைத்துப் போட்டேன். எழுபத்திரண்டு. கம்பியைக் கழற்றி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, மறுபடி மாட்டினேன். எழுபத்திரண்டு. முழங்கால் வேறு வலித்தது. இருபத்தொன்பது வருடமாக இதே முக்காலியில் உட்கார்ந்து எண்களைப் பார்த்து வருகிறேன். எண் பொய் சொன்னால் எனக்குக் கோபம் வரும். அன்றைக்கு அதுகூட வரவில்லை. மேஜைமேல் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடலாமா என்றுதான் இருந்தது.

எங்கள் வேலை இதுதான். அணுஉலைக்குள் வருடக்கணக்கில் கிடந்து வெந்து வரும் நிக்கல், தானாகவே எலக்ட்ரான்களை உமிழ்ந்துகொண்டிருக்கும். யாரும் தூண்ட வேண்டாம், யாராலும் நிறுத்தவும் முடியாது. நூறு வருடம் கழித்தும் பாதி வேகத்தில் உமிழும். அதை மெல்லிய தகடாக்கி, கட்டைவிரல் நகம் அளவு சிலிக்கான் சில்லின்மேல் கவிழ்த்தால், சில்லு அந்த எலக்ட்ரான்களை வாங்கி மின்சாரமாகத் திருப்பித் தரும். தண்ணீர் கொதிக்க வேண்டாம், சக்கரம் சுழல வேண்டாம். ஆனால் வருவது ரொம்பக் கொஞ்சம். ஒரு ஆம்பியரை நூறு கோடிக் கூறு போட்டால் ஒரு கூறுதான் நானோ ஆம்பியர். அதில் பத்து இருபது என்றுதான் எங்கள் பிழைப்பு.

வெந்த தகட்டையும் சாதா நிக்கல் தகட்டையும் பக்கத்தில் வைத்தால் பெற்ற தாய்க்கும் வித்தியாசம் தெரியாது. சாதாவைத்தான் நாங்கள் வெறும் தகடு என்போம். அதை வைத்து அளந்தால் ஒன்றும் வரக் கூடாது. வந்தால், நாம் அணுவை அளக்கவில்லை, வேறு எதையோ அளந்துகொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். அதனால்தான் அளக்கும் பெட்டியை மாற்றினால் முதலில் வெறும் தகடு வை என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி.

டிசம்பரில் புதுச் சில்லும் புதுப்பெட்டியும் வந்தபோது நான் வெறும் தகடு வைக்கவில்லை.

காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். பதிவேட்டில் இரண்டுக்கும் ‘நிக்கல் தகடு’ என்றே எழுதியிருப்பதால், கிடங்குக்காரர் வெறும் தகட்டையும் ஈயப் பெட்டகத்தில் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். வெந்ததை எடுக்க மூன்று கையெழுத்து. கடையில் வாங்கிய தகட்டை எடுக்கவும் அதே மூன்று கையெழுத்து. மூன்றாவது ஆள் விடுப்பில் இருந்தார். வருடக் கணக்கை இருபத்தைந்தாம் தேதிக்குள் முடித்தாக வேண்டும். பழைய பெட்டி பதினொரு வருடம் பூஜ்யமே காட்டியது, புதுசு மட்டும் என்ன குடி கெடுத்துவிடப் போகிறது என்று நேராக வெந்த தகட்டை வைத்தேன். நூற்றுப்பத்து.

இப்போது ஆய்வுக் குழுவின் படிவத்தில் ‘வெறும் தகடு’ என்று ஒரு வரி காலியாகக் கிடந்தது. அந்த ஒரு வரியை ரொப்ப, சடங்குக்காக, ஒரு வாரம் அலைந்து மூன்று கையெழுத்தும் வாங்கித் தகட்டை எடுத்து வந்தேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

எங்கள் தலைவர் அவெனிர் சவேலியெவிச். சவேலிச் என்றுதான் கூப்பிடுவோம், அவரும் என்னை என் அப்பா பேரை வைத்து லுகினிச்னா என்பார். வயது எழுபத்தொன்று. பத்தொன்பது வருடமாக இந்தச் சாகாத பேட்டரியோடு மாரடித்தவர். பழைய சில்லுகள் பதினைந்துக்கும் இருபதுக்கும் மேல் போனதில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் உலைக்காரர்கள் அவரை விட மாட்டார்கள்.

“என்ன சவேலிச், உங்க பேட்டரி கொசுவுக்குக் காது மெஷின் வைக்கவாச்சும் தேறுமா?”

அவரும் கூடவே சிரித்துக்கொண்டு முட்டைக்கோஸ் சூப்பைக் குடிப்பார். காது மட்டும் சிவந்துவிடும்.

நூற்றுப்பத்து வந்த பிறகு அந்தக் கேலி நின்றது. நூறைத் தாண்டினால், மண்ணுக்கடியில் ஓடும் எரிவாயுக் குழாய்களில் பதிக்கிற கருவி ஒன்றை ஓட்டலாம். எங்களுக்கு இன்னும் மூன்று வருடத்துக்குப் பணம் கிடைக்கும். அவருடைய கணக்குப்படி முப்பத்தொன்பதுதான் வர வேண்டும். அப்போதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சந்தோஷம் வந்தால் படித்தவனுக்கும் புத்தி மழுங்கும். கணக்குதான் தப்பு என்று முடிவு கட்டி, ஏன் நூற்றுப்பத்து வருகிறது என்று பதினொரு பக்கத்துக்கு ஒரு விளக்கமும் எழுதிவிட்டார். ஆய்வுக்கூட ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்து, உப்புக் காளானும் கறுப்பு ரொட்டியுமாக அந்த எண்ணைக் ‘கழுவி’க் கொண்டாடினோம், நல்லது நடந்தால் குடிப்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். மறுநாள் சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு பேர் எழுந்து நின்று அவருக்குக் கை கொடுத்தார்கள். ஏப்ரலில் மாஸ்கோ மாநாட்டில் பேச அழைப்பு வந்தது. அதற்கென்று ஒரு நீலக் கோட்டு வாங்கி அலமாரியில் மாட்டி வைத்திருந்தார். தினமும் அதைத் திறந்து பார்ப்பார், நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு.

அந்த மனிதருடைய பேர்தான் எழுபத்திரண்டில் போய் மாட்டிக்கொண்டது. மாட்டிவிட்டவள் நான்.

வெளிச்சம் பட்டாலும் அந்தச் சில்லு மின்சாரம் தரும், அதனால் பெட்டி செய்த இல்கிஸைக் கூப்பிட்டேன். ததார் இனத்துக்காரன், நாற்பது வயது, கெட்டிக்காரன், வாய் கொஞ்சம் நீளம்.

“இல்கிஸ், இந்தப் பெட்டிக்குள்ள விளக்கு கிளக்கு ஏதாச்சும் வச்சிருக்கியா?”

“அளக்குற பெட்டிக்குள்ள விளக்கு வைக்க எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு, அக்கா?”

“வெறும் தகடு எழுபத்திரண்டு காட்டுது.”

“தகடு மாறிப் போயிருக்கும். அந்தக் கிடங்குக்காரருக்குப் பொண்டாட்டியவே அடையாளம் தெரியாது.”

“சில்லு மேல தகடே இல்லாமயும் பாத்தேன். அப்பவும் வருது. கறுப்புத் துணி போட்டு மூடினேன், எல்லா விளக்கையும் அணைச்சேன், அப்பவும் அப்படியே இருக்கு. மூடியத் திறந்து, வெளி விளக்கையும் துணியால மறைச்சுட்டு, பத்து நிமிஷம் இருட்டுல உக்காந்து உள்ள பாத்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல.”

“அப்பறம் என்ன?”

“மூடி திறந்தா வெளில சிவப்பு விளக்கு எரியுதே. மூடி திறந்திருக்குன்னு அதுக்கு யாரு சொல்றா?”

“அதுவா? பாதுகாப்பு அதிகாரி உயிர எடுத்தாரேன்னு உள்ள ஒரு கண்ணு வச்சேன். டிவி ரிமோட்ல இருக்குமே, அந்த மாதிரி. அதோட வெளிச்சம் மூடில பட்டுத் திரும்பி…”

அத்தோடு நிறுத்திக்கொண்டான். தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான்.

ரிமோட்டின் வெளிச்சம் மனிதக் கண்ணுக்குத் தெரியாது. சிலிக்கானுக்கோ அது நல்ல வெயில், தகட்டின் ஓரத்து இடுக்கு வழியாகப் பட்டாலே போதும். மூன்று மாதமாக நாங்கள் பாதி அணுவையும் பாதி ரிமோட்டையும் சேர்த்து அளந்துகொண்டிருந்தோம். பாதிகூட இல்லை, ரிமோட்தான் அதிகம். வேலிக்கு வெளியே இருக்கும் ஒரு பள்ளிப் பிள்ளை அந்தப் பெட்டிக்கு எதிரே போன் கேமராவைப் பிடித்திருந்தால் உள்ளே மினுக்கென்று எரிவது தெரிந்திருக்கும். எங்கள் போன்களெல்லாம் வாசல் காவலில் பூட்டிக் கிடக்கும், உள்ளே கொண்டு வந்தால் வேலை போய்விடும். இரகசியத்தைக் காப்பாற்றுகிறோம் என்று எங்கள் கண்ணை நாங்களே கட்டிக்கொண்டோம்.

இல்கிஸ் அந்தக் கண்ணுக்குப் போகும் வயரைக் கத்தரித்தான். வெறும் தகடு பூஜ்யம் காட்டியது. வெந்த தகட்டை வைத்தேன். முப்பத்தெட்டு. முப்பத்தெட்டும் எழுபத்திரண்டும் நூற்றுப்பத்து. ஒன்றாம் வகுப்புக் கணக்கு.

இல்கிஸ் கத்தரியைக் கீழே வைத்தான். பிறகு அவன்தான் மெதுவாக ஆரம்பித்தான்.

“அக்கா, வயரத் திரும்ப ஒட்டிடவா?”

“எதுக்கு?”

“வெறும் தகடு வரில பூஜ்யம்னு எழுதுங்க. பொய்யில்லியே, இப்பத்தான் பூஜ்யம் வந்துச்சு. மூணு மணிக்கு அந்தம்மா வருவாங்க, மீட்டரப் பாப்பாங்க, நூத்திப்பத்து இருக்கும், டீ குடிச்சிட்டுப் போயிடுவாங்க. கிழவரும் அந்த நீலக் கோட்ட ஒரு தடவ போட்டுக்கட்டும். எழுபத்தோரு வயசு, அக்கா. யாருக்கு என்ன நட்டம்?”

நான் அவனைத் திட்டியிருக்க வேண்டும். திட்டவில்லை. உண்மையைச் சொன்னால், ஒட்டு என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தைதான். அப்புறம் யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, வீட்டுக்குப் போய் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு படுக்கலாம். நல்லவளாக இருப்பதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். ஆனால் மீட்டர் எதிரே முப்பத்தெட்டு என்று நின்றுகொண்டிருந்தது. ஆட்டமே இல்லாமல், கடைசி இலக்கம்கூட அசையாமல் நின்றது. இவ்வளவு சுத்தமான ஒரு எண்ணை நான் அந்த முக்காலியில் உட்கார்ந்து அதுவரை பார்த்ததில்லை. அதைப் பார்த்துக்கொண்டே வயரை ஒட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“வேணாம். அந்த வயரக் குப்பைல போடு,” என்றேன்.

சவேலிச் தன் அறையில் அன்றைய பாலோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் மாதிரி வேலை செய்கிறவர்களுக்கு, உடம்புக்கு வரும் தீங்குக்கு ஈடாகத் தினம் அரை லிட்டர் பால் தருவார்கள். அதனால் என்ன குணமாகும் என்று யாரும் சொன்னதில்லை. என் பால் என் பூனைக்குப் போகும். அவர் மட்டும் கடமையாகக் குடித்துவிடுவார். நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, அதில் சிந்தாமலிருக்க மடியில் ஒரு துண்டும் விரித்திருந்தார்.

“வாங்க லுகினிச்னா. தோள்பட்ட சரியா இருக்கா பாருங்க. கடைக்காரி பெருசா குடுத்துட்டாளோன்னு தோணுது.”

“சவேலிச், நூத்திப்பத்து இல்ல.”

“என்ன நூத்திப்பத்து இல்ல?”

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டிக் கண்ணையும் சொன்னேன், டிசம்பரில் வெறும் தகடு வைக்காததையும் சொன்னேன். “சோம்பேறித்தனம். வேற காரணம் சொல்ல மாட்டேன். தப்பு என்னோடது.”

டம்ளரில் பால் மேலே ஆடை கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

“அந்தக் கண்ண எடுத்தப்பறம் எவ்வளவு?” என்றார்.

“முப்பத்தெட்டு.”

“எவ்வளவு?”

“முப்பத்தெட்டு. நாலு தடவ பாத்துட்டேன். அசையல.”

சட்டென்று எழுந்தார். துண்டு கீழே விழுந்தது. அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய நோட்டை உருவி, பக்கங்களைப் புரட்டி, என் மூக்குக்கு நேரே நீட்டினார். மங்கிப்போன மையில், இரண்டு கோடு போட்டு, முப்பத்தொன்பது.

“பாருங்க! பத்தொம்பது வருஷத்துக்கு முன்னாடி போட்டது! ஒண்ணே ஒண்ணுதான் கொறையுது. தகடு ஓரத்துல கொஞ்சம் வீணாப் போகும், அதுதான் அந்த ஒண்ணு. சில்லு சரியா இருந்தா வரும்னு அப்பவே சொன்னேன் இல்ல? அந்தப் பதினோரு பக்கத்தக் கொண்டு போய் அடுப்புல போடுங்க. எழுதும்போதே எனக்கு அது புடிக்கல.”

சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. டிசம்பரில் கழுவிக் கொண்டாடிய அன்றைக்குக்கூட இவ்வளவு இல்லை. அரை நிமிடம் இருந்திருக்கும். பிறகு கோட்டின் கையைப் பார்த்தார். மெல்ல உட்கார்ந்தார்.

“முப்பத்தெட்டுல ஒண்ணும் ஓடாதே, லுகினிச்னா.”

“ஓடாது.”

யானைப் பசிக்குச் சோளப்பொரி. அவர் சொன்னதுதான் சரி என்று தெரிந்த அதே நிமிடத்தில் எங்கள் கடை மூடியாகிவிட்டது. மன்னிச்சிடுங்க என்று சொல்லலாமா என்று பார்த்தேன், அந்த வார்த்தை ரொம்பச் சின்னதாக இருந்தது.

“நீங்க போய்ப் பெட்டியத் தயாரா வைங்க. படிவத்த நானே திரும்ப அடிச்சிடறேன்,” என்றார், கோட்டைக் கழற்றிக்கொண்டே.

மூன்று மணிக்கு அந்த அம்மாள் வந்தார். எல்விரா ஒலேகவ்னா என்று பேர், ஐம்பது வயதிருக்கும், வீங்கிய கால். பனிச்செருப்பைக் கழற்றிவிட்டு, பையிலிருந்து சொந்த வீட்டுச் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார். இந்த வாரத்தில் நாங்கள் நான்காவது ஊராம். சவேலிச் பழைய வெள்ளை அங்கியில், ஒன்றையும் மறைக்காமல், பள்ளிப் பையன் பாடம் ஒப்பிப்பதுபோல் நடந்ததைச் சொல்லி முடித்தார். மாநாட்டில் பேசப் போவதில்லை என்றும் எழுதிவிட்டாராம். எல்விரா மீட்டரைப் பார்த்தார்.

“இதுல என்ன ஓடும்?”

“கொசுவுக்குக் காது மெஷின்,” என்றார் சவேலிச்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. “நீங்க சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

“அது எங்களுக்கும் தெரியும்,” என்று இல்கிஸ் வாய்க்குள் முனகினான். நான் அவன் காலை மிதித்தேன்.

“மூணு வருஷம் குடுக்க வழியில்ல, அவெனிர் சவேலியெவிச். ஜூன் வரைக்கும் இருக்கலாம். எழுதிடறேன்.”

“எழுதுங்க.”

அவ்வளவுதான். பத்தொன்பது வருடம் பத்து நிமிடத்தில் முடிந்தது. எல்விரா படிவத்தை எடுத்து, முறைப்படி, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

“டிசம்பர் இருபத்து மூன்று, நூற்றுப்பத்து. தவறான அளவு. அளந்தவர், அவெனிர் சவேலியெவிச் கிரிவத்ஸோவ். மார்ச் பதினான்கு, வெறும் தகடு பூஜ்யம், வெந்த தகடு முப்பத்தெட்டு. அளந்தவர், மேற்படியார்.”

நான் சரியாகத்தான் கேட்டேனா என்று சவேலிச்சைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதற்காகச் செய்தார் என்று உடனே புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை. காலையிலிருந்து வராத கோபமெல்லாம் சேர்ந்து வந்தது. இத்தனை வருடத்தில் வெளிவந்த எந்தக் கட்டுரையிலும் என் பெயர் இல்லை. ‘உதவிய தொழில்நுட்பர்களுக்கு நன்றி’, அதில் நான் இருக்கிறேன் என்று நானே நினைத்துக்கொள்ள வேண்டும். எனக்கென்று இருந்தது படிவத்தில் ‘அளந்தவர்’ என்ற அந்த ஒரு இடம்தான்.

“அந்த முக்காலில நீங்க எப்ப உக்காந்தீங்க, சவேலிச்?”

“லுகினிச்னா, கொஞ்சம் சும்மா இருங்க.”

“எப்ப உக்காந்தீங்கன்னு கேட்டேன்.”

“நான் ஜூனோட வீட்டுக்குப் போறவன். நீங்க வேற கூடத்துல சேந்தாகணும். தப்பா அளந்தவங்கன்னு தாள்ல இருந்தா எவன் எடுப்பான்? யோசிச்சுத்தான் செஞ்சேன்.”

“எடுக்காட்டிப் போறான்! நூத்திப்பத்தும் நான் அளந்ததுதான், முப்பத்தெட்டும் நான் அளந்ததுதான். என் தப்பத் தூக்கிச் சுமக்க உங்கள யாரு கேட்டா? அதோட சேத்து என் முப்பத்தெட்டையும் தூக்கிட்டுப் போறீங்களே. பத்தொம்பது வருஷத்துல இந்தக் கூடத்துல வந்த ஒரே சரியான நம்பர் அது. அதுகிட்ட என் பேரு இருக்கணும்.”

என் குரல் எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை. இல்கிஸ் வாயைப் பிளந்து நின்றான். எல்விரா ஒலேகவ்னா படிவத்தைக் கீழே வைத்தார்.

“ரெண்டு வரிலயுமா?”

“ரெண்டுலயும்.”

“முதல் வரி உங்களுக்கு நல்லதில்ல. இது கோப்புல காலத்துக்கும் இருக்கும்.”

“இருக்கட்டும்.”

அவர் சவேலிச்சைப் பார்த்தார். சவேலிச் சரி என்று தலையை ஆட்டினார். அந்த அம்மாள் தன் பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நகர்த்தினார்.

எங்கள் அலுவலகங்களில் எழுதியதை அழிக்க மாட்டோம். பழையது படிக்கத் தெரிகிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, ஓரத்தில் ‘திருத்தியதை நம்புக’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நூற்றுப்பத்துக்கு எதிரே அவர் பெயரை அடித்து என் பெயரை எழுதினேன். முப்பத்தெட்டுக்கு எதிரே மேற்படியாரை அடித்து, மேற்படியாள் என்று சுருக்காமல், மறுபடியும் முழுப் பெயரையும் எழுதினேன். அக்லயா லுகினிச்னா தெரெஷ்கினா. ஓரத்தில், திருத்தியதை நம்புக. இரண்டு இடத்திலும் எழுதினேன். பிறகு பேனாவைச் சவேலிச்சிடம் கொடுத்தேன், தலைவர் கையெழுத்து இல்லாமல் திருத்தம் செல்லாது.